வேலியரசனும் ஆறாவது ஆளும்

தீயணைப்புப் படைத் தலைவனுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் மரியாதை கிடைக்கிறது, அதுவும் அவன் தீ வைக்கிற அன்றைக்கு. எங்கள் ஹோல்டன்பெக்கில் ஈஸ்டர் நெருப்பை மூட்டுவது தீயணைப்புப் படையின் வேலை. மற்ற நாட்களில் நிலவறைக்குள் புகுந்த மழைத் தண்ணீரை இறைக்கிறோம், சாலையில் விழுந்த மரத்தை அறுக்கிறோம், ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மாலை, வீட்டு உயரத்துக்குக் குவித்த கிளைகளில் நான் பந்தத்தைச் செருகும்போது மட்டும் ஊரே கை தட்டும். அந்தக் கைதட்டலுக்காகத்தான் இத்தனை வருஷமாகத் தலைவனாக இருக்கிறேன் என்று என் மனைவி கேசா சொல்வாள். பொய்யில்லை.

அந்தக் கைதட்டலுக்குத்தான் டாக்டர் அல்மூட் உலை வைக்கப் பார்த்தார்.

அம்மையார் ஹனோவரில் உயிரியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். ஐம்பத்தெட்டு வயதில் நகரமே வேண்டாமென்று வேலையை விட்டுவிட்டு எங்கள் ஊரில் பழைய பால் பண்ணை வீட்டை வாங்கிக் குடியேறினார். வந்த முதல் மாதம் நாங்கள் கேக் எடுத்துக்கொண்டு போய் வரவேற்றோம். கேக்கில் எத்தனை முட்டை, அந்தக் கோழிகள் எங்கே வளர்ந்தன என்று கேட்டார். அதோடு கேக் நின்றது, கேள்விகள் நிற்கவில்லை. தானாகப் புல் வெட்டும் இயந்திரம் முள்ளெலிகளின் காலை வெட்டுகிறது என்று வீடு வீடாகத் துண்டுத்தாள் போட்டார். வாசலில் கூழாங்கல் பரப்பியிருந்தவர்களிடம், "பாலைவனம் வேணும்னா அங்கேயே போய் இருக்கலாமே" என்றார். மழலையர் பள்ளி விழாவில் பலூனை நிறுத்தினார். சமையலறையில் ஒரு பெட்டி நிறையப் புழு வளர்த்து, வந்தவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து காட்டினார். கார் வைத்துக்கொள்ளவில்லை, எங்கே போனாலும் ஒரு சரக்கு சைக்கிள்தான். அவர் வீட்டுக் கழிவறையில் தண்ணீருக்குப் பதில் மரத்தூள். காபி குடிக்கப் போனவர்கள் அடக்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஊர் அவருக்குப் புழு டாக்டர் என்று பெயர் வைத்தது.

அவர் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்போம். கத்த மாட்டார். மந்தமான மாணவனிடம் பேசுவதுபோல் மெதுவாக, சிரித்த முகத்தோடு, எண்களோடு பேசுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குக் காது சூடாகும். கறிக்கடை கோர்டெஸ் ஒரு நாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மனம் விட்டுச் சொன்னான்:

"இந்தம்மா வர்றதுக்கு முன்னாடி நான் நல்லவன்னு நெனச்சிட்டு இருந்தேன் ஹின்னர்க். இப்போ ஒரு துண்டு பன்னிக்கறி வெட்டினாலும் கோர்ட்டுல கூண்டுல நிக்கிற மாதிரி இருக்கு. நான் என்ன கொலையா பண்றேன்?"

பன்றியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும் என்று தோன்றியது. சொல்லவில்லை. எனக்கும் அவன் பக்கம்தான் மனசு.

அந்த வருஷ ஈஸ்டர் எனக்கு வெறும் கைதட்டல் விஷயமாக இருக்கவில்லை. எங்கள் வண்டியில் ஆறு இருக்கை. ஆறு பேர் இல்லாமல் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் மாவட்ட விதி. பகலில் ஊரில் இருக்கிற படைவீரர்கள் தேய்ந்து தேய்ந்து ஐந்து பேராகிவிட்டோம். மற்றவர்களெல்லாம் காலையில் நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள், அல்லது முட்டி தேய்ந்து ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஈஸ்டர் விடுமுறைக்குள் ஆறாவது ஆள் கிடைக்காவிட்டால் எங்கள் படையைக் கலைத்து, வண்டியோடு ஓஸ்டன்வேடே ஊரின் படையில் சேர்த்துவிடுவோம் என்று மாவட்டத் தலைமை சொல்லிவிட்டது. ஓஸ்டன்வேடே படைக்குத் தலைவன் யார் தெரியுமா? வோல்க்மார். கேசாவின் அண்ணன். என் கல்யாணத்திலேயே என் கோட்டைப் பார்த்துச் சிரித்த ஆள். "உன் வண்டிய நிறுத்த எங்க கொட்டகையில இடம் ஒதுக்கியாச்சு மாப்ள" என்று போனில் சொன்னான். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்கள் ஊரில் படைக்கு ஆள் சேர்ப்பது ஒரே ஒரு வழியில்தான். ஈஸ்டர் நெருப்பு எரியவேண்டும், பீர் ஓடவேண்டும், மூன்றாவது குவளை முடிந்தவன் நெருப்பைப் பார்த்துக் கண் கலங்கவேண்டும். அந்த நேரம் பார்த்துத் தலைவன் கையை நீட்டுவான். அவன் பிடித்துக் குலுக்கிவிட்டால் சேர்ந்தாயிற்று. மறுநாள் தலைவலியோடு மறுக்க முடியாது, ஊரே சாட்சி. நானும் அப்படித்தான் சேர்ந்தேன். நெருப்பு இல்லையென்றால் கண்ணீர் இல்லை, கண்ணீர் இல்லையென்றால் ஆள் இல்லை.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் அம்மையார் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். குவியலை எரிக்கும் நாளன்று காலையில் அதை முழுக்கப் பிரித்து வேறு இடத்தில் அடுக்கவேண்டும், உள்ளே குடியேறிய முள்ளெலியும் குருவியும் தப்பிக்க அதுதான் வழி, விதியும் அதுதான் என்றார். விதி எனக்குத் தெரியும். நாங்கள் விதியை நிறைவேற்றும் முறை வேறு: டிராக்டரால் குவியலை ஒரு பக்கம் லேசாக இடித்து, "எல்லாம் ஓடிடுங்கப்பா" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு பீர் பெட்டி எடுக்கப் போய்விடுவோம்.

"இந்த வருஷம் நான் கூட நின்னு பாக்கறேன், தலைவரே. ஒவ்வொரு கிளையா எடுக்கலாம்," என்றார்.

செய்தி பரவியதும் ஊர் கொதித்தது. அவர் வீட்டு முன்னால் கூடிக் கோஷம் போடவேண்டும் என்று முடிவாயிற்று. முதலில் பெரிய வெள்ளி என்றார்கள், ஆனால் அது அமைதி நாள், சத்தம் போட்டால் அபராதம். எனவே வியாழக்கிழமை மதியம், ஆளுக்கொரு இலை ஊதும் இயந்திரத்தோடு போய் அவர் வாசலில் இரைச்சல் போடுவது என்று கோர்டெஸ் ஏற்பாடு செய்தான். ஏப்ரலில் ஊதுவதற்கு இலையே கிடையாது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். போன பிறகுதான் யாருக்கோ உறைத்தது: ஒன்றிலிருந்து மூன்று வரை ஊரில் மதிய ஓய்வு நேரம், இயந்திரம் ஓட்டக் கூடாது. ஆத்திரத்தோடு வந்தவர்கள் ஆத்திரத்தோடு வேலியோரம் வரிசையாக நின்று மூன்று மணிக்காகக் காத்திருந்தார்கள். அம்மையார் வெளியே வந்து, ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டார். காரணம் சொன்னார்கள். தலையாட்டிவிட்டு உள்ளே போய் எல்லாருக்கும் காஞ்சொறி இலைத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். மரியாதைக்குக் குடித்தார்கள். மூன்று மணி ஆவதற்குள் பாதிப் பேருக்குச் சிறுநீர் முட்டிவிட்டது. உள்ளே மரத்தூள் கழிவறை. எல்லாரும் வீட்டுக்கு ஓடினார்கள். கோர்டெஸ் மட்டும் நின்று மூன்று மணிக்கு இயந்திரத்தை ஓட்டினான், பெட்ரோல் தீரும்வரை, தனியாக.

சனிக்கிழமை காலை திடலுக்குப் போனால் ஊரே வந்திருந்தது. நெருப்புக்குக்கூட இவ்வளவு கூட்டம் வந்ததில்லை. எனக்கும் புழு டாக்டருக்கும் சண்டை நடக்கும், பார்க்கலாம் என்று மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில், சும்மா உட்கார்ந்து பார்ப்பவனுக்கு மாலையில் பீர் கிடையாது என்று அறிவித்தேன். நாற்காலிகள் மடங்கின. வரிசையாக நின்று கிளைகளைக் கைமாற்றத் தொடங்கினோம்.

பிரிக்கப் பிரிக்க ஊரின் யோக்கியதை வெளியே வந்தது. கிளைகள் மட்டும் போடவேண்டிய குவியலுக்குள் வண்ணம் அடித்த கதவுகள், டயர், ஜரிகை தொங்கும் கிறிஸ்துமஸ் மரங்கள், கோர்டெஸ் கடையின் பழைய பெயர்ப்பலகை. ஒரு சோபாவும் வந்தது. அதை முன்பின் பார்த்திராதவன் போல் நான் சுற்றி வந்தேன். கேசா தொண்டையைச் செருமினாள். அம்மையார் ஒரு வார்த்தை சொல்லவில்லை, குப்பையை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்தார். சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்ததுதான் இன்னும் எரிந்தது.

நடுவே ஒரு பெரிய வேர்க்கட்டை. அதன் இடுக்கில் பாசியால் உருட்டிய பந்து போல ஒரு கூடு. எங்கிருந்தோ கட்டைவிரல் அளவுப் பழுப்புக் குருவி ஒன்று பறந்து வந்து, வாலை நிமிர்த்திக்கொண்டு எங்கள் எல்லாரையும் ஒரு திட்டு திட்டியது. அதை நாங்கள் வேலியரசன் என்போம். உடம்பு பட்டாணி, குரல் படைத்தலைவனுடையது. அம்மையார் குனிந்து விரலை மெல்ல விட்டுப் பார்த்தார். உள்ளே முட்டைகள்.

"அவ்வளவுதான். இந்த வருஷம் நெருப்பு கிடையாது, தலைவரே," என்றார்.

கூட்டம் பொங்கிவிட்டது. அந்த முட்டையில் ஆம்லெட் போட்டால் ஓர் எறும்புக்குக்கூடப் பத்தாது என்று கோர்டெஸ் கத்தினான். டீசல் விலை ஏற்றியதும் இவங்கதான், ஐஸ்கிரீம் கடையில் ஸ்ட்ராவைப் பிடுங்கியதும் இவங்கதான், இப்போது நெருப்பும் போச்சு என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தம்மா ஒருத்திதான் உலகத்தையே நடத்துகிறார் என்பதுபோல் ஆளாளுக்குப் பழையதைக் கொட்டினார்கள். எனக்கு வோல்க்மாரின் கொட்டகைதான் கண் முன்னால் வந்தது. எங்கள் சிவப்பு வண்டி அவன் வண்டிக்குப் பின்னால், அடுத்த வீட்டில் அண்டிப் பிழைக்கும் சொந்தக்காரன் மாதிரி நிற்கிறது.

"கட்டை இங்கயே இருக்கட்டும்," என்றேன். "சுத்தி நாலு கிளையும் இருக்கட்டும். மத்ததை நாங்க தூக்கிட்டுப் போறோம். இருபது மீட்டர்."

"நூறு," என்றார் அம்மையார்.

"நூறு மீட்டர் போனா பக்கத்து ஊர் வந்துடும் டாக்டரம்மா. முப்பது."

"புகை எந்தப் பக்கம் போகும்னு பாத்தீங்களா? தொண்ணூறு."

மாட்டுச் சந்தை போல் பேரம் நடந்தது. அறுபதில் முடிந்தது, புகை கூட்டின் பக்கம் வராத திசையில். அம்மையார் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். அதையும் கொண்டுவந்திருந்தார், பாருங்கள்.

அன்று முழுவதும் ஊரே மரம் சுமந்தது. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வசவு. பக்கத்து வீட்டுக்காரனோடு ஆண்டுக்கணக்காகப் பேசாதவன்கூட, அம்மையாரைத் திட்டுவதற்காக அவனோடு பேசினான். நானும் திட்டிக்கொண்டேதான் சுமந்தேன், அவர் எனக்கு முன்னால் ஒரு முழு மரத்தை இழுத்துக்கொண்டு போனார். மூச்சு வாங்கவில்லை. அதற்கும் சேர்த்துத் திட்டினேன்.

மாலையில் பந்தம் வைத்தேன். கைதட்டல் கிடைத்தது, இதுவரை கிடைத்ததிலேயே பெரியது. நெருப்பு வானத்துக்கு ஏறியது, சாசேஜ் வெந்தது, பீர் ஓடியது. தங்கள் ஊர் நெருப்பைச் சீக்கிரமே மூட்டிவிட்ட வோல்க்மார், எங்கள் அழிவை நேரில் பார்க்க வந்து கேசா பக்கத்தில் குவளையோடு நின்றான். எல்லாரும் மூன்றாவது குவளையைத் தாண்டிவிட்டார்கள் என்று கணக்குப் போட்டு, நான் பெட்டி மேல் ஏறி விஷயத்தைச் சொன்னேன். ஐந்து பேர் இருக்கிறோம், ஆறாவது ஆள் வேண்டும், இல்லாவிட்டால் ஹோல்டன்பெக்குக்கு இனி படை கிடையாது. கையை நீட்டினேன்.

யாரும் பிடிக்கவில்லை. ஒருவனுக்கு முதுகு வலி, ஒருவனுக்குப் புது நாய், ஒருவனுக்கு மனைவி திட்டுவாள். காலையிலிருந்து ஊர் மானம், ஊர் வழக்கம் என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் எல்லாரும் குவளைக்குள் எதையோ தேடினார்கள். நான் கோர்டெஸைப் பார்த்தேன்.

"இந்த ஊருக்காக உயிரையே குடுப்பேன் ஹின்னர்க், உனக்குத் தெரியும்," என்றான். "ஆனா கடைய யாரு பாத்துப்பா?"

நீட்டிய கை கனக்கத் தொடங்கியது. வோல்க்மார் சிரிப்பை மறைக்கக் குவளையைத் தூக்கினான். இவ்வளவு அசிங்கமாக நான் எந்த நெருப்பு முன்னாலும் நின்றதில்லை. இவர்களுக்காகவா நடுராத்திரியில் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன் என்று நினைத்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம். புகை இல்லை.

அப்போது என் கையை ஒரு கை பிடித்தது. காய்ந்து, மண் படிந்து, முள் கீறிய கை.

"நான் பகல்ல ஊர்லதான் இருக்கேன்," என்றார் அம்மையார். "ஓடவும் முடியும். ஆனா நுரை அடிக்கிறதா இருந்தா அதுல என்ன கலந்திருக்குன்னு எனக்கு முதல்ல தெரியணும்."

என் மனசில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன்: கையை உதறிவிடலாமா என்று பார்த்தேன். இனி ஒவ்வொரு செவ்வாய்க்கிழமைப் பயிற்சியிலும் இந்தச் சிரிப்பு. குழாயில் ஒழுகும் ஒவ்வொரு சொட்டுக்கும் ஓர் எண். வாட்டும் சாசேஜுக்குப் பக்கத்தில் பயறு சாசேஜ். மறுபக்கம் வோல்க்மாரின் கொட்டகை. இரண்டையும் எடை போட்டேன். நேரம் ஆயிற்று, ஒத்துக்கொள்கிறேன்.

"தண்ணிதான் அடிக்கிறோம்," என்று சொல்லிக் கையைக் குலுக்கினேன்.

கோர்டெஸ் இது அநியாயம் என்றான். படையில் இல்லாதவன் வாயை மூடு என்றேன். வோல்க்மாரின் குவளை பாதி வழியில் நின்றுவிட்டது, கேசா அதை வாங்கி மீதியைக் குடித்தாள். படைக்குள் எல்லாரும் நீ, வா, போதான், மரியாதைப் பேச்சு கிடையாது. "சரி, நீ செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு வந்துடு, அல்மூட்," என்று சொல்லிப் பார்த்தேன். நாக்கு புரளவில்லை.

ஆனால் தீ செவ்வாய்க்கிழமை வரை பொறுக்கவில்லை. திங்கள்கிழமை, ஈஸ்டர் விருந்தின் நடுவே, ஆட்டுக்கறியைத் தட்டில் போட்டுக்கொண்ட நேரத்தில் சங்கு ஊதியது. ஓஸ்டன்வேடேயில், சனிக்கிழமை நெருப்பின் தணலைக் காற்று கிளறிவிட்டிருந்தது. வேலி பற்றி, பீர்க் கொட்டகை பற்றி, தீ வைக்கோல் கிடங்கை நோக்கிப் போகிறதாம். அவர்கள் படையில் பாதிப் பேர் விடுமுறைக்கு வெளியூர் போய்விட்டார்கள். எங்களைக் கூப்பிடுகிறார்கள்.

நிலையத்துக்கு ஓடினேன். கனரக வண்டி ஓட்ட உரிமம் எனக்கு மட்டும்தான், ஏறி இயந்திரத்தைக் கிளப்பினேன். ஒருவர் பின் ஒருவராக நான்கு பேர் வந்து ஏறினார்கள். ஐந்து. நகரத்தில் வேலை பார்க்கும் எங்கள் ஆட்களும் விடுமுறைக்கு ஊரில் இல்லை, ஆறாவது இருக்கை காலி. கடை வாசலில் கோர்டெஸ், துடைப்பத்தோடு நின்று எங்களைப் பார்த்துக் கை காட்டினான். போன் அடித்தது.

"எங்கடா இருக்க மாப்ள?" வோல்க்மாரின் குரலே மாறியிருந்தது. "இங்க தகதகன்னு எரியுது!"

"வாசல்லதான் இருக்கேன். சைக்கிளுக்காகக் காத்திருக்கேன்."

அவன் சொன்ன வார்த்தையை அச்சில் போட முடியாது.

வந்தார். முன்னால் பெட்டி வைத்த அந்தச் சரக்கு சைக்கிளில், தலையில் கவசம், பெட்டியில் ரப்பர் காலணி, முகம் பீட்ரூட் போலச் சிவந்து. சைக்கிளைச் சுவரோரம் சாய்த்தார். பிறகு நிதானமாகப் பூட்டை எடுத்துப் பூட்டினார். பின்னால் நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள், நானும் கத்தினேன்: "ஏறு, அல்மூட்!" ஏறினாள். பயிற்சி முடியாததால் அவளுக்கு அன்று வேலை சாலையில் கார்களை நிறுத்துவதுதான். ஆனாலும் இருக்கை நிறைந்தது. ஆறு பேர். வண்டி வாசலைத் தாண்டியது. சங்கை அழுத்தினேன், தேவைக்கு மேலேயே அழுத்தினேன்.

வளைவில் போன் மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"ஆறு பேர் இருக்கீங்களா? யாரு ஆறாவது?" வோல்க்மாருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "அந்தப் புழு டாக்டரா?"

"எங்க ஆளுடா அது. வாய அளந்து பேசு," என்றேன்.

பின்னாலிருந்து மெதுவாக, சிரித்த குரலில் ஒரு பேச்சு வந்தது. வண்டி ஓட்டும்போது போன் பேசினால் விபத்து நடக்க எத்தனை மடங்கு வாய்ப்பு என்று, எண்ணோடு.

போனை வைத்தேன். அவள் சொன்னது சரிதான். அதுதானே எரிச்சல்.